நட்டக்காவின் மஞ்சள் கோடு

அந்தப் பணிமனையில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது, நட்டக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த ஓட்டுநர்கள்கூட, "நட்டக்கா, என் வண்டி ரெடியா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பயத்தோடு நிற்பார்கள். பேருந்துச் சக்கரங்களைக் கழற்றி மாட்டும் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருடச் சர்வீஸ். அவள் இறுக்கிய நட்டு ஒன்றாவது வழியில் கழன்றது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். சொல்ல ஆளில்லை.

பார்ப்பதற்கு இது எளிதான வேலை மாதிரி தெரியும். ஒரு பேருந்துக்கு நாற்பது நட்டு. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. பக்கத்தில் உள்ளதை இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிடும். அளவு வைத்த ஸ்பானர் ஒன்று உண்டு, கிட்டத்தட்ட அவள் தோள் உயரம். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு சின்னத் தூரிகையில் மஞ்சள் பெயிண்ட் தொட்டு, நட்டின் தலையிலிருந்து சக்கரத்தின் தகடு வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போட்டு அட்டையில் கையெழுத்தும் போட்டாயிற்று என்றால், பெரிய அதிகாரியே வந்தாலும் அந்த நட்டைத் தொடக்கூடாது. புது ஓட்டுநர்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லும்போது நட்டக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவள் தன் கோட்டைத் தானே பிளேடால் சுரண்ட ஆரம்பித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது.

நோய் முதலில் பணிமனைக்கு வரவில்லை. அவளுடைய ஜெபத்துக்குள்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே காலையில் முழங்காலில் நின்று ஐந்து நிமிடம் ஜெபம் செய்வாள். புருஷனுக்காக, வெளியூரில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்காக, ஏறி இறங்குகிற ஜனங்களுக்காக. ஒருநாள் ஜெபத்தின் நடுவில், ஆண்டவரைப் பற்றியே வாயால் சொல்லக் கூசுகிற ஒரு வார்த்தை மனதில் குறுக்கே விழுந்தது. வெலவெலத்துப் போனாள். ஜெபம் தீட்டாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆரம்பித்தாள். வார்த்தை திரும்பவும் வந்தது. வராதே வராதே என்று விரட்டினால் அது வராமல் இருக்குமா? இன்னும் நாலைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாகி, கடைசியில் இரண்டு மணி நேரமானது. முழங்கால் காய்த்துக் கறுத்துப் போனது. தேவாலயத்தில் திருவிருந்து நாளில் எல்லோரும் அப்பம் வாங்க எழுந்து முன்னால் போக, அவள் மட்டும் கடைசி பெஞ்சில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வாயோடு அந்த அப்பத்தை வாங்கினால் ஆண்டவருக்கே அடுக்காது என்று நினைத்தாள். இரண்டு வருடம் இப்படியே போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் அவளுடைய பக்தியைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள், பாவம்.

ஜெபத்துக்கு வந்தது பிறகு கைக்கும் வந்தது. "டக்" என்று ஸ்பானர் சொன்ன பிறகும், கேட்டேனா, கேட்ட மாதிரி நினைத்தேனா என்று ஒரு அரிப்பு. சரி, நிச்சயத்துக்கு இன்னும் ஒரு இழுப்பு. கோடு போட்ட பிறகு மறுபடி சந்தேகம். பிளேடால் கோட்டைச் சுரண்டுவாள், மறுபடி இழுப்பாள், மறுபடி கோடு. அளவுக்கு மேல் இழுத்தால் போல்ட் நீண்டு பலம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அதற்குப் பெயர்தானே நோய்.

ஒருநாள் காலை, நாலாவது சுற்றில் போல்ட் ஒன்று அவள் கையிலேயே அறுந்தது. வண்டி கிளம்பவில்லை. ஜனங்கள் ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றார்கள். போர்மேன் ஓடிவந்தார். அவர் முன் நெற்றியில் வழுக்கையும் பின்னால் கோபமும் உள்ள மனிதர், ஆனால் நியாயஸ்தர். இந்த ஒரு வண்டியோடு விஷயத்தை மூடிவிட்டிருக்கலாம். அவருக்கும் அதுதான் வசதி. அவள்தான் மூடவில்லை.

"சார், இன்னும் மூணு வண்டி இருக்கு. அதையும் இப்படித்தான் இறுக்குனேன். அதெல்லாம் வெளிய போகக்கூடாது," என்றாள். நம்பர்களையும் சொன்னாள்.

மூன்று வண்டிகளையும் நிறுத்திச் சோதித்ததில் பதினாறு போல்ட்டுகள் மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கே அவள் கையெழுத்துப் போடும் உரிமையை நிறுத்திவைத்து, டயர் கிடங்குக்கு அனுப்பினார்கள். பணிமனை முழுக்க ஒரே பேச்சு. "நட்டக்காவுக்கே நட்டு கழண்டுடுச்சாம்." சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழ வேண்டும் என்றுதானே சொன்னார்கள்.

அவளுடைய புருஷனும் அதே பணிமனையில் ஓட்டுநர்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அன்று அந்த ரேடியோ ஓடவில்லை. வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "உனக்கு என்னவோ பண்ணுது. ரொம்ப நாளா பாக்கறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார். அவள் மறுக்கவில்லை. அழவும் முடியவில்லை.

மனநல மருத்துவர் இளம்பெண். மேசையில் ஒரு பெட்டி டிஷ்யூவும் ஒரு கடிகாரமும் தவிர ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தினம் எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுவீங்க?" என்றார்.

"ரெண்டு மணி நேரம்."

"அவ்வளவு நேரம் என்ன கேப்பீங்க?"

"ஒரே ஜெபம்தான் டாக்டர். அதைச் சரியா முடிக்கத்தான் ரெண்டு மணி நேரம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது பாவம் இல்லை, பக்தியும் இல்லை, நோய், இதே மாதிரி நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார். மாத்திரை எழுதினார். "ஜெபம் பண்ணாதீங்கன்னு சொல்லல. ஒரு தடவ பண்ணுங்க. கெட்ட வார்த்தை வந்தா வரட்டும், விரட்டாதீங்க. திருப்தியா இல்லன்னாலும் எழுந்திருச்சிடுங்க." ரேடியோவிடம் திரும்பி, "வீட்டுல உங்ககிட்ட கேப்பாங்களா?" என்றார்.

"கேப்பாளா? கேஸை அணைச்சனா, நட்டை இறுக்கினனா, ஆண்டவர் என்னை மன்னிப்பாரான்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவ கேப்பா. நானும் ஆமா ஆமான்னு சொல்லிட்டே இருப்பேன். பாவமா இருக்கும்."

"இனிமே சொல்லாதீங்க. நீங்க சொல்ற ஆமாவும் அந்த நோய்க்குத் தீனிதான்."

பேச்சையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வழியெல்லாம் யோசித்து, ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டார். அவள் எது கேட்டாலும், "அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன், டீ போடட்டுமா?" என்றார். முதல் மாதம் அந்த வீட்டில் குடித்த டீக்குக் கணக்கில்லை.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது, அரிப்பின் கூர்மை குறைந்தது. ஆனால் ஒரே தடவை ஜெபித்துவிட்டு எழுந்திருப்பது மட்டும் அவளால் முடியவே இல்லை. டாக்டர் படித்தவர், நல்லவர், ஆனால் அவருக்கு ஆண்டவரைத் தெரியுமா? அரைகுறையாக ஜெபித்துவிட்டு எழுந்திருப்பது நன்றிகெட்டத்தனம் இல்லையா? இந்த முடிச்சை அவிழ்க்க டாக்டராலும் முடியவில்லை, மாத்திரையாலும் முடியவில்லை.

அவிழ்ந்தது டயர் கிடங்கில். ஒரு செவ்வாய்க்கிழமை, டிபன் நேரம் முடிந்து, டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அளவு எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே போர்மேன் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர், நம்பிக்கையில்லாமல், கிளம்பும் முன் தன் வண்டியின் கோடுகளைச் சுரண்டிவிட்டு, ஸ்பானரில் இரும்புக் குழாயை மாட்டித் தானே இழுத்து இறுக்கியிருக்கிறார்.

"பாதுகாப்புக்குத்தான் சார் பண்ணேன்," என்றார் புது ஓட்டுநர்.

"எது பாதுகாப்பு? கோடு போட்டாச்சுன்னா அது போட்டவன் பொறுப்பு. உன் பொறுப்பு வண்டிய ஓட்டறது. அந்தக் கோட்டைச் சுரண்டிட்டு நீ இறுக்குனா, நீ ஜாக்கிரதையான ஆளுன்னு அர்த்தமில்ல. போட்டவன நீ நம்பலன்னு அர்த்தம்."

அது போர்மேனின் சொந்தச் சரக்கு இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நட்டக்காவுடையது. பதினெட்டு வருடமாக அவள் சொல்லி, பணிமனை முழுக்கப் பரவிய வசனம். தன் வசனத்தைத் தானே வேற்று ஆள் மாதிரி கேட்டாள். கையிலிருந்த பென்சில் நின்றது. கீழே கிடந்த ஒரு டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடமாகத் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சிலுவையில் ஆண்டவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார். அவளுக்காகவும் முடித்தார். அளவு பார்த்து இறுக்கி, தன் ரத்தத்தாலேயே கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார். அவளோ தினமும் காலையில் பிளேடை எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து அந்தக் கோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பக்தி என்று நினைத்தாள். தன் வேலையில் வேறொருவன் கை வைத்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்குபவள், அவருடைய வேலையில் கை வைத்திருக்கிறாள். அவரும் இத்தனை நாள் ஒன்றும் சொல்லாமல் பொறுத்திருக்கிறார்.

அழுகை வந்தது. இரண்டு வருடமாக வராத அழுகை. டயர் வாசனையோடு, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்தாள். மனசு மட்டும் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை ஒரே தடவை ஜெபித்தாள். நடுவில் வார்த்தை விழுந்தது. ஆமென் சொல்லி எழுந்துவிட்டாள். எழுந்தது பெரிதில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் பெரிது. திரும்பப் போய் முழங்காலில் விழு என்று உடம்பே இழுத்தது. அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கோடு போட்டாச்சு," என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். அதையும் ஒரே தடவைதான் சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னால் அதுவும் நோயின் வேலையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதத் திருவிருந்து நாளில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். ரேடியோ பக்கத்தில் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவள் நடுவழியில் நடக்கும்போது அந்த அசிங்க வார்த்தையும் கூடவே நடந்து வந்தது. வந்தால் வரட்டும். நோயாளி வரும்போது நோயை வாசலில் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? கையை நீட்டினாள். அப்பம் வந்தது.

வாசலில் போதகரிடம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னாள். அவர் நட்டு, கோடு, அளவு என்று எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரப் பிரசங்கத்தில் சேர்த்துவிட்டார். சேர்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். "நம் சகோதரி ஸ்க்ரூவை முடுக்கும்போது" என்றார். வெளியே வரும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா. ஆனா அது ஸ்க்ரூ இல்ல, நட்டு," என்றாள். அவர் மனிதர், மறு வாரமே மேடையில் நின்று திருத்திச் சொன்னார்.

நோய் போய்விட்டதா என்றால், இல்லை. பிடிக்காத சொந்தக்காரர் மாதிரி வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் மாத்திரை உண்டு, மாதம் ஒருமுறை டாக்டர் உண்டு. ஆனால் தலைமை நாற்காலியில் இப்போது அது இல்லை. ஏழு மாதம் கழித்து, டாக்டரின் சான்றிதழோடு அவள் போர்மேனின் அறைக்குப் போய் நின்றாள். கையெழுத்தைத் திரும்பக் கேட்டாள்.

போர்மேன் தலையைச் சொறிந்தார். "ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சியா நட்டக்கா?"

"ஊரு ஏற்கெனவே சொல்லிடுச்சு சார். நட்டு கழண்டவள்னு. கழண்டது என் தலைக்குள்ள. சக்கரத்துல ஒண்ணுகூட இல்ல. அன்னைக்கு மூணு வண்டியையும் காட்டிக்குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். மூன்று வாரம் தான் பின்னாலேயே வந்து ஒவ்வொரு நட்டையும் சோதிப்பேன், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கிடங்குதான், திரும்பப் பேச்சே இல்லை என்றார். சோதித்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் தனியாக ஒரு வண்டியை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று ஒரு கோட்டைச் சுரண்டினாலும் எல்லாம் போச்சு.

பட்டியலைப் பார்த்தால், ரேடியோவின் வண்டி. ஐம்பது பேர், தொண்ணூறு கிலோமீட்டர், பாதி தூரம் மலைப்பாதை.

"வேற வண்டி மாத்தித் தரட்டுமா?" என்றார் போர்மேன்.

"வேண்டாம் சார். எல்லா வண்டியிலயும் யாரோ ஒருத்தியோட புருஷன்தான் போறான்."

முன் சக்கரங்கள் சுலபமாக முடிந்தன. பின்பக்கம் வலது முடிந்தது. பின்பக்கம் இடது சக்கரத்தில் ஏழாவது நட்டுக்குக் கோடு போட்டு எழுந்தபோது அது வந்தது. டக் சத்தம் கேட்கவில்லை என்றது. மலையிறக்கத்தில் சக்கரம் தனியாக உருளுவதைக் காட்டியது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரின் முகத்தையும் காட்டியது. கருவித் தட்டில் பிளேடு இருந்தது. ஒரு சுரண்டல், ஒரு இழுப்பு, ஒரு கோடு. ஒரு நிமிடம்கூட ஆகாது, யாருக்கும் தெரியாது. தொலைவில் போர்மேன் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் பிளேடைப் பார்த்தாள். பிறகு எட்டாவது நட்டுக்குப் போனாள்.

நாற்பதும் முடிந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டாள். ஏழு மாதத்துக்கு மேல் போடாததால் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. ரேடியோ ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார், பாவம். "ஆண்டவரே, இவரையும் ஏறினவங்களையும் பாத்துக்கோங்க. ஆமென்," என்றாள். ஆமென் சொல்லும்போது உன் கவனம் பெயிண்ட் டப்பாவில் இருந்தது, அது ஜெபமே இல்லை என்றது மனசு. இருந்தது, உண்மைதான். வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவள் டப்பாவை மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வரை எட்டு வண்டி முடித்தாள். மத்தியானம் வரை அரிப்பு அடங்கவில்லை. தொலைபேசி சட்டைப் பையில் இருந்தது, ரேடியோவைக் கூப்பிட்டுக் கேட்க அவள் அதை எடுக்கவில்லை. மூன்று மணி வாக்கில், ஒரு சக்கரத்தைத் தூக்கி மாட்டும்போது, தான் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. அதுவும் ஆராதனையில் பாடுகிற பாட்டு.

வேலை முடியும் நேரத்தில் ரேடியோவின் வண்டி உள்ளே வந்து, கேட்டுக்குப் போகும் வழியில், இடதுபக்கம் தெரிகிற மாதிரி நின்றது. அவர் இறங்கி வந்தார். இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டியை ஒட்டித்தான் நடந்தாக வேண்டும். குனிந்தால் போதும், ஏழாவது நட்டின் கோடு கண் எதிரே. அவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். டீ வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவள் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். சின்னவன் போன் பண்ணினானா என்று கேட்டாள். கால் வலிக்கிறது, புது ஷூ வாங்க வேண்டும் என்றாள். வண்டியைத் தாண்டிவிட்டார்கள். கேட்டைத் தாண்டிவிட்டார்கள். தெருமுனையும் வந்துவிட்டது. ரேடியோவால் தாங்க முடியவில்லை. எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பார்?

"இங்க பாரு, வண்டி இன்னைக்கு மலையில..."

நட்டக்கா நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் கேட்டனா?" என்றாள்.